வின்ச்சுக்குப் பொட்டு வைத்த நவமி

எங்கள் ஜீப்பின் முன் பம்பரில் ஒரு வின்ச் இருக்கிறது. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று ராட்டினத்தைப் படுக்கவைத்து அதற்கு மோட்டார் மாட்டினால் எப்படி இருக்கும், அதுதான். உருளையில் இரும்புக் கம்பி வடம் சுற்றியிருக்கும். வடத்தின் நுனியில் ஒரு பெரிய கொக்கி. சேற்றிலோ மணலிலோ ஒரு வண்டி சிக்கிக்கொண்டால், வடத்தை உருவிக்கொண்டு போய் அதில் மாட்டிவிட்டு, ஒயரோடு கூடிய ஒரு ரிமோட்டில் பட்டனை அழுத்த வேண்டும். மோட்டார் வடத்தைச் சுருட்டச் சுருட்ட வண்டி வெளியே வந்துவிடும். மலையிலும் காட்டிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் அதைத் தெய்வம் மாதிரி வைத்திருக்கிறார்களாம். நாங்கள் இருப்பது கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவள். மேடு என்று பிள்ளைகளுக்குக் காட்ட இந்த ஊரில் எனக்குக் கிடைப்பது ஃப்ளைஓவர் ஒன்றுதான்.

என் கணவர் அரசு வங்கி ஒன்றில் அதிகாரி. அவர் குடும்பம் இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவர் கனவு காண்பதுகூட பெங்காலியில்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் தூக்கத்தில் மீன்காரரிடம் பேரம் பேசினார். நாங்கள் வீட்டில் மீன் சமைப்பதே கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் வட வங்காளத்தில் ஓர் ஆற்றுப்படுகையைக் கடக்கும்போது நாங்கள் வாடகைக்கு எடுத்த வண்டி மணலில் இறங்கிவிட்டது. பாதிப் பகல் அங்கேயே கிடந்தோம். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் தன் ஜீப்பில் வந்து, வின்ச் போட்டு எங்களைக் கரை சேர்த்தார். எனக்கு அந்த நாளில் நினைவிருப்பது நனைந்த செருப்பும் பசியும். என் கணவருக்கு நினைவிருப்பது அந்த மோட்டாரின் சத்தம். திரும்பி வரும் ரயிலில் நான் கேட்டதற்கெல்லாம் ‘ம்’, ‘ம்’ என்றே பதில் சொல்லிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமான நாட்களில்கூட இந்த மனுஷர் இப்படி மயங்கியதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் ஜீப் வந்தது. பழைய ஜீப், புது வின்ச். எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தும் இடம்தான். அதுவரை அங்கே கௌரவமாக நின்றுகொண்டிருந்த என் ஸ்கூட்டர் தெருவுக்குப் போனது. வெயிலும் மழையும் காக்கை எச்சமும் அதற்கு. கூரையும் பல்பும் ஜீப்புக்கு.

வின்ச்சோடு ஒரு கையேடு வந்தது. சாதாரணமாக அப்படிப்பட்ட புத்தகங்களை யாரும் படிப்பதில்லை. இவர் படித்தார். படித்தார் என்பது சரியில்லை, பாராயணம் செய்தார். நான் தோசை வார்க்கும்போது பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவார். வெறுங்கையால் வடத்தைத் தொடாதே, அறுந்த கம்பி இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளங்கையைக் கிழித்துவிடும், தோல் கையுறை போட்டுக்கொள். வடம் முழுவதையும் உருவிவிடாதே, உருளையில் சில சுற்றாவது மிச்சம் இருக்கட்டும், இல்லையென்றால் பாரம் வந்ததும் பிய்த்துக்கொண்டு போய்விடும். மரத்தில் மாட்டுவதானால் மரத்துக்கு அகலமான பட்டை போடு, வடத்தை வடத்தின் மேலேயே சுற்றிக் கொக்கியை மாட்டாதே. கொக்கியின் வாய் வானத்தைப் பார்க்கட்டும். மோட்டாரை விட்டு விட்டு ஓட்டு, சூடாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, முறுக்கேறிய வடத்தைத் தாண்டாதே, அதன் பக்கத்தில் நிற்காதே. உருவிய வடத்தின் நீளம் எவ்வளவோ அதைப் போல ஒன்றரைப் பங்கு தூரம் தள்ளி நில்.

“அவ்வளவு தூரம் நம்ம தெருவுல தள்ளி நின்னா, எதிர் வீட்டு சமையல்கட்டுலதான் போய் நிக்கணும்” என்றேன்.

“நின்னா என்ன? அவங்களும் நல்லவங்கதானே” என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

முறுக்கேறிய வடம் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வந்து அடிக்கும். அதன் வேகத்தைக் குறைக்க வடத்தின் நடுவில் கனமான துணி ஏதாவது போர்த்த வேண்டும். அறுந்தால் அந்தக் கனம் வடத்தைத் தரையில் அமுக்கிவிடும். இதற்கென்றே ஒரு பை கடையில் விற்கிறார்கள். இவர் அதை வாங்கி, கையில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல், வீடு முழுக்கத் தேடி, என் கல்யாணச் சீரில் வந்த பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டு போனார். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டது. விருந்தாளிகளுக்கென்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. நான் சண்டை போட்டதற்கு, “இதுக்கு இருக்கற கனம் எதுக்கும் வராது” என்று அதைப் புகழ்ந்துவிட்டு, ஜீப்புக்குள் மடித்து வைத்துவிட்டார். புகழ்ந்துவிட்டால் நான் அடங்கிவிடுவேன் என்று அவருக்கு நினைப்பு. அடங்கியும்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெஹாலாவில் அவர் நண்பரின் மூடிக்கிடக்கும் பட்டறை வளாகத்தில் பயிற்சி. நண்பரின் உடைந்த வேன் ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது. வாராவாரம் அதை இங்கிருந்து அங்கே இழுப்பார். அடுத்த வாரம் அங்கிருந்து இங்கே. சைகை காட்டுவது என் வேலை. விரலை மேலே உயர்த்திச் சுழற்றினால் ‘சுருட்டு’. முஷ்டியை உயர்த்தினால் ‘நிறுத்து’. சைகை காட்ட ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும், ஆனால் ‘நிறுத்து’ மட்டும் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும் என்பது கையேட்டின் சட்டம். கொல்கத்தாவில் இருந்துகொண்டு ஒரே ஒருவர் வழி சொல்லும் காரியத்தைப் பற்றிக் கனவு காண்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருக்கும். இங்கே ஒரு டாக்ஸி பின்னால் நகர்ந்தாலே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள், செய்தித்தாள் படிப்பவர்கள், மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லா வழியும் அன்போடு சொல்லப்படும்.

பந்தயம் வந்தது மழைக்காலத்தில். ராத்திரி முழுவதும் மழையில் நனைந்த ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து, புடவையின் பின்பக்கம் ஈரமாகப் பள்ளிக்கூடம் போய், வகுப்பு முழுவதும் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பாடம் நடத்திவிட்டு வந்தேன். வரும்போதே கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

“வர்ற விஜயதசமிக்குள்ள உங்க வின்ச் ஒரு வண்டியையாவது இழுக்கணும். இல்லன்னா ஜீப்ப வித்துடணும். என் ஸ்கூட்டர் உள்ள வரணும்.”

கடன் மனுவைப் படிக்கும்போது வரும் முகம் அவருக்கு வந்தது. “பெஹாலா வேன் கணக்குல வருமா?”

“வராது. நிஜமாவே சிக்கின வண்டியா இருக்கணும். முழுசா வெளிய வரணும்.”

“சரி” என்றார். இந்த மனுஷர் ‘சரி’ என்று சொல்லிவிட்டால் அதிலிருந்து மாறமாட்டார். எனக்கு அது தெரியும். அவர் போய் ஜீப்பின் பானெட்டைத் துடைத்ததைப் பார்த்தபோது, கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் புடவை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மழைக்கு ஏங்கிய ஏக்கம் விவசாயிகளுக்குக்கூட இருந்திருக்காது. தெருவில் தண்ணீர் நின்றால் போதும், ஜீப்பை எடுத்துக்கொண்டு டாக்குரியா வரை ஒரு சுற்று போவார், யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று. சிக்கியிருப்பார்கள். ஆனால் இவர் ஜீப்பை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கையுறையைப் போட்டு முடிப்பதற்குள் தெருவில் போகிறவர்கள் நாலைந்து பேர் வேட்டியையும் பேன்ட்டையும் சுருட்டிக்கொண்டு இறங்கி, அந்தக் காரைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு திரும்பி வருவார். ஒரு தடவை தள்ளுகிறவர்கள் இவரையும் கூப்பிட்டார்களாம். கையுறையோடு தள்ளிவிட்டு வந்தார்.

இப்படியே துர்கா பூஜை வந்துவிட்டது. சப்தமி போனது, அஷ்டமி போனது. பாடா முழுக்க, அதாவது எங்கள் பேட்டை முழுக்க, விளக்கும் மைக்கும் புதுத் துணியுமாக இருக்க, இவர் மட்டும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சுற்றினார்.

நவமி அன்று அவர்களுக்குத் துர்கா, நமக்கு ஆயுத பூஜை. என் புத்தகங்கள், வரைபடச் சுருள், அவருடைய பேனா, எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கினேன். வின்ச்சின் ரிமோட், கையுறை, மரத்துக்குப் போடும் பட்டை, இணைப்பு வளையம் எல்லாவற்றையும் அவரே பயபக்தியோடு கொண்டுவந்து வைத்தார். ஜமக்காளத்தையும் வைக்கச் சொன்னேன், அதுவும் ஒரு கருவியாகிவிட்டதல்லவா. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி. கீழே போய் ஜீப்புக்கும் பொட்டு வைத்து, வின்ச் கொக்கியில் ஒரு முழம் சாமந்திச் சரத்தைச் சுற்றிக் கட்டினேன். “உருளைல தண்ணி படாம பாத்துக்கோ” என்று பின்னாலேயே வந்தார். பொரி கடலைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, பொரி தின்றே வளர்கிற ஊர் இது. சுண்டலும் செய்து, கற்பூரம் காட்டி முடித்தாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் அது பெரிய சட்டம். நான் பள்ளிக்கூடத்து விடைத்தாளைக்கூட அன்று தொடமாட்டேன். சந்தோஷமாகத் தொடமாட்டேன்.

மதியம், பூஜை கமிட்டிச் செயலாளர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். மூன்றாவது மாடிக்காரர், இவருக்கு ‘தாதா’, அதாவது அண்ணன். பந்தலில் ஊரே போக் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறது. அம்மனுக்குப் படைத்த கிச்சடி, லாப்ரா என்கிற காய்கறிக் கூட்டு, தக்காளிச் சட்னி எல்லாம் சமையல் நடக்கும் இடத்திலிருந்து பெரிய பெரிய அண்டாக்களில் குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். வண்டி மைதானத்து ஓரமாக வந்தபோது பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கிவிட்டது. போன வருஷம் பந்தலுக்கு மூங்கில் நட்ட குழி. மேலோடு மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். முதல்நாள் மழையில் ஊறி, சக்கரம் அச்சு வரை உள்ளே போய்விட்டதாம்.

“உன் வின்ச்சை எடுத்துக்கிட்டு வா” என்றார் பெங்காலியில்.

அந்த வார்த்தையைக் கேட்பதற்காக என் கணவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். சோபாவிலிருந்து எழுந்தவர், பூஜை அலமாரி வரை போய், நின்றுவிட்டார். ரிமோட்டின் மேல் குங்குமம். கையுறையின் மேல் சாமந்தி. என்னைத் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு விஜயதசமி. இன்று இழுத்தால் ஜீப் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. “கற்பூரம் எடுங்க” என்றேன். நாளைக் காலை செய்ய வேண்டிய மறுபூஜையை அங்கேயே, அப்போதே செய்தேன். ஊருக்குச் சோறு போகிற காரியம், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவளிடமே சொன்னேன். செயலாளரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சீக்கிரம், பௌதி” என்றார். அண்ணிக்கு இங்கே பௌதி என்று பெயர். பொட்டையும் பூவையும் எடுக்க நேரமில்லை. அப்படியே அள்ளிக்கொண்டு இறங்கினோம்.

மைதானத்தில் ஏற்கெனவே பாதி பாடா கூடியிருந்தது. புதுப் புடவைகளும் குர்தாக்களும் குட்டி யானையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தன. இவர் அவசரப்படவில்லை. ஜீப்பை வண்டிக்கு நேராகச் சாலையில் நிறுத்தினார். நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, பந்தலுக்கு வைத்திருந்த செங்கற்களைக் கேட்டு வாங்கி நாலு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தார். பாட்டரிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வடத்தை உருவிக்கொண்டு போய், வண்டியின் இழுவை வளையத்தில் இணைப்பு வளையம் போட்டு, கொக்கியை வாய் மேலே பார்க்கும்படி மாட்டினார். டிரைவர் மட்டும் வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்ற எல்லோரும் தள்ளிப் போக வேண்டும் என்று அறிவித்தார். யாரும் நகரவில்லை. வடத்தின் நடுவில் ஜமக்காளத்தைப் போர்த்தினார்.

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. கூட்டம் விலகியது.

பெஹாலாவில் நாங்கள் பழகும்போது வளாகத்துக்குள் குறுக்குவழியாகப் போகிறவர்கள் தரையில் கிடக்கும் வடத்தை மிதிப்பார்கள், தாண்டுவார்கள், ஒருவர் அதன் மேல் சைக்கிளே ஓட்டினார். இங்கே ஒருவர்கூட வடத்தைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை தாண்டப் போனபோது அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்து, “காலு படக்கூடாது” என்றாள். என் கணவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. கையேட்டின் முக்கியமான பாடம் ஒருவழியாகக் கொல்கத்தா மக்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நான் என் இடத்தில் போய் நின்று விரலைச் சுழற்றினேன். மோட்டார் முனகியது. தளர்ந்து கிடந்த வடம் மெல்ல எழுந்து நேரானது. நிறுத்தினார். கொக்கி, வளையம், சக்கரத்துச் செங்கல் எல்லாவற்றையும் எட்ட நின்றே பார்த்தார். மறுபடி விரல். குட்டி யானை ஒரு பெருமூச்சு விட்டதுபோல அசைந்தது. பின்சக்கரம் சேற்றோடு மேலே வர ஆரம்பித்தது. அண்டாக்கள் மணியடித்தன. “ஆரேக்டு! ஆரேக்டு!” என்று கூட்டம் கத்தியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. மோட்டாருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தார். மறுபடி அழுத்தினார். பாதிச் சக்கரம் வெளியே வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு அழுத்தல். நான் மனசுக்குள் என் ஸ்கூட்டருக்கு மழைக்கவர் வாங்கத் தயாராகிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கீழ்வீட்டு மாஷிமா கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். மாஷிமா என்றால் சித்தி. வயதான பெங்காலி அம்மாள், தனியாக இருப்பவர், தினமும் என்னிடம் பால்காரரைப் பற்றிப் புகார் சொல்பவர். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு. கை கூப்பியபடி நேராக வடத்தைப் பார்த்து நடந்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் கண்ணில் பட்டது. கொக்கியில் சாமந்திச் சரம். வளையத்தில் சந்தனமும் குங்குமமும். நடுவில் சிவப்புப் பட்டாடை மாதிரி போர்த்திய ஜமக்காளம். கூட்டம் ஆபத்துக்குப் பயந்து விலகவில்லை. சாமிக்கு வழிவிட்டு விலகியிருக்கிறது. சாமி என்றால் விலகி நிற்பது எப்படியோ, அப்படியே கிட்டே வந்து தொட்டுக் கும்பிடுவதும் உண்டுதானே.

மாஷிமா குனிந்து, வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்ற வடத்தின் மேல் வலது கையை வைத்தார்.

முஷ்டியை உயர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை எழ மறுத்தது. எழுந்தபோது மோட்டார் சத்தம் ஏற்கெனவே நின்றிருந்தது. என் கணவர் என் சைகையைப் பார்க்கவேயில்லை. மாஷிமாவின் கால் கூட்டத்தை விட்டு வெளியே வந்தபோதே கட்டைவிரலை எடுத்துவிட்டிருக்கிறார்.

ஆனால் மோட்டார் நின்றாலும் முறுக்கு இறங்காது. பாதி வெளியே வந்த வண்டி, கிச்சடி அண்டாக்களோடு, அந்த வடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மாஷிமா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அவருக்கு வேண்டுதல்கள் அதிகம். நான் கத்தியிருப்பேன். கத்தினால் பத்துப் பேர் அவரைப் பிடித்து இழுக்க ஓடியிருப்பார்கள், வடத்தின் பக்கத்திலேயே. என் கணவர் கத்தவில்லை. கடன் வாங்க வந்தவரிடம் பேசும் குரலில், பெங்காலியில், “மாஷிமா, பிரசாதம் அங்க குடுக்கறாங்க” என்று என்னைக் கை காட்டினார்.

மாஷிமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வடத்தை விட்டுவிட்டு என் பக்கம் நடந்து வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினார். என்னிடம் பிரசாதம் ஏது? கைப்பைக்குள் விரலை விட்டுத் துழாவியதில், வகுப்பில் தொண்டை கட்டும்போது போட்டுக்கொள்ளும் மிட்டாய் ஒன்று கிடைத்தது. காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். “ஜில்லுன்னு இருக்கு” என்று சந்தோஷப்பட்டார். அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் இருந்தன. உள்ளங்கையில் கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் குங்குமம். இப்படிப் பயமுறுத்தியதற்காக மாஷிமா மேல் கோபம் கோபமாக வந்தது.

அதற்குள் என் முன்னால் பிரசாதத்துக்கு வரிசை நின்றுவிட்டது. இன்னும் நாலைந்து பெண்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வடத்தைப் பார்த்துக் கிளம்பத் தயாராக நின்றார்கள். என் கணவர் ரிமோட்டின் மறுபக்கத்துப் பட்டனை அழுத்தினார். வடம் தளர்ந்தது. மெதுவாக, மரியாதையாக, குட்டி யானை மறுபடி குழிக்குள் உட்கார்ந்தது.

கூட்டம் ‘அய்யோ’ என்று அலறியது. செயலாளர் ஓடி வந்தார். “என்ன பண்றே? வெளியே வந்துடுச்சே! இன்னும் ஒரே ஒரு தடவை!”

“ஆள் நகரணும், தாதா. அதோ அந்த ரெண்டாவது விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம். எல்லாரும். அப்பறம் இழுக்கறேன்.”

செயலாளர் மைக்கில் சொல்லிப் பார்த்தார். நவமி மத்தியானம், பசியோடு இருக்கும் ஊரை விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் யார் அனுப்ப முடியும்? போனவர்கள் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள், வரும்போது இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பூவைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று நான் கேட்டேன். “பூ போனா தாண்ட ஆரம்பிச்சுடுவாங்க” என்றார். அதுவும் உண்மைதான். இரண்டு பக்கமும் அடைபட்டுப்போய் நின்றோம். யாரோ பின்னாலிருந்து, மதராஸிக்கு பயம் வந்துவிட்டது என்று கேலி செய்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை, அல்லது வாங்காதது போல இருந்தார். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கொக்கியைக் கழற்றினார்.

“பாரத்த இறக்குங்க, தாதா. அண்டாவ இறக்கிட்டா வண்டி ஒண்ணுமே இல்ல. கையாலயே தூக்கிடலாம்.”

இது யாருக்கும் தோன்றவில்லை. வின்ச் இருக்கிறதே என்ற தைரியத்தில் எல்லோரும் அண்டாக்களை மறந்துவிட்டோம், நாங்கள் இருவரும் உட்பட. மூங்கில் கழிகளைக் காதில் கோத்து அண்டாக்களை இறக்கினார்கள். காலி வண்டியைச் சுற்றித் தோள் கொடுத்து, ‘ஹேயியோ’ என்று ஒரே மூச்சில் தூக்கி வைத்தார்கள். என் கணவரும் ஒரு மூலையில் தோள் கொடுத்தார். கையுறை போட்டிருந்தார்.

கிச்சடி அன்று ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். இவர் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், “அந்த வடம் அறுந்திருக்குமா?”

“அறுந்திருக்காது. புது வடம். பாரமும் கம்மிதான்.”

“அப்பறம் என்ன? மாஷிமா நகர்ந்ததும் ஒரு அழுத்து அழுத்தியிருக்கலாமே. ஜெயிச்சிருப்பீங்க.”

“அறுந்துபோகாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காக அத இன்னொருத்தர் கைய வெச்சா பாக்கறது?” என்றார். ஜமக்காளத்தில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் சரஸ்வதி படத்தின் முன்னால், விற்பதற்காக அவர் கொண்டுவந்து வைத்த ஜீப் சாவி இருந்தது. நான் அதை நகர்த்தாமலே விளக்கேற்றினேன்.

தசமி கழிந்த பௌர்ணமியில் இங்கே வரும் லட்சுமி பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பெஹாலாவிலிருந்து ஒருவர் ஜீப்பைப் பார்க்க வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார், பானெட்டைத் திறந்து மூடினார், வின்ச்சின் முன்னால் குந்தி உட்கார்ந்து, “இது இதுவரைக்கும் என்னென்ன இழுத்திருக்கு?” என்று கேட்டார். நான் டீ எடுத்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஒரு குட்டி யானையைப் பாதி வெளியே கொண்டுவந்தது என்று சொல்லியிருக்கலாம். பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விற்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“ஒண்ணுமே இழுக்கல” என்றார் என் கணவர்.

“அப்படின்னா புதுசுதான்” என்று வந்தவருக்குப் பரம சந்தோஷம்.

அப்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மாஷிமா கறிகாய்ப் பையோடு வெளியே வந்தார். எங்களைக் கவனிக்கவேயில்லை. ஜீப்பைத் தாண்டும்போது நின்று, வின்ச் கொக்கியை வலது கையால் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பால்காரரைத் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கினார். நவமியிலிருந்து தினமும் இப்படித்தானாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் கணவர் மட்டும் அவர் கை கொக்கியை விட்டு விலகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவரிடம் டீயை நீட்டி, “மன்னிச்சுக்கோங்க, இத விக்கற மாதிரி இல்ல” என்றேன்.

“பந்தயம்?” என்றார் இவர் தமிழில், தாழ்ந்த குரலில்.

“தோத்தது நான்” என்றேன். இன்னொருத்தர் கைக்காகப் பந்தயத்தையே விட்டவரிடம் ஜெயித்தேன் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு டீயை இவர் கையில் வைத்துவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

ஸ்கூட்டர் இன்னும் தெருவில்தான் நிற்கிறது. மழைக்கவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். காற்றில் பறக்காமல் இருக்க அதை எப்படிக் கட்ட வேண்டும் என்று தோசை வார்க்கும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.